தேய்க்காதீங்க, முதலில் தண்ணீர் விடுங்க

காரின் பெயிண்டில் வட்ட வட்டமாகத் தெரிகிற மெல்லிய கீறல்களில் பெரும்பாலானவை ரோட்டில் விழுந்தவை இல்லை. வீட்டு வாசலில், துணியும் கையுமாக நாமே போட்டவை. சந்தேகம் இருந்தால் கறுப்பு அல்லது கருநீல வண்டி ஒன்றின் பானெட் மீது ராத்திரியில் செல்போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். வெளிச்சத்தைச் சுற்றி நூல் நூலாக வட்டங்கள் தெரியும். வெள்ளை வண்டியிலும் அவை உண்டு, கண்ணில் படாது, அவ்வளவுதான்.

என்னுடையது கருநீல ஸ்விஃப்ட். வீடு திருவான்மியூரில், கடலுக்கு நடந்து போகிற தூரத்தில், ஸ்டில்ட் பார்க்கிங் உள்ள பழைய அடுக்ககம். கிழக்கிலிருந்து உப்புக் காற்று வருகிறது, மேற்கிலிருந்து மெட்ரோ ரயில் வேலையின் சிமெண்ட் தூசி வருகிறது. நான் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். எந்த பாட்டிலை வாங்கினாலும் திருப்பிப் பின்பக்கத்தைப் படிக்கிற பழக்கம் உண்டு. இந்தக் குறிப்புகள் முதல் கார் வாங்கி, அதை எப்படிக் கழுவுவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக.

இன்றைய கார்களில் நிறத்துக்கு மேலே நிறமில்லாத பூச்சு ஒன்று இருக்கிறது. கிளியர் கோட் என்பார்கள். பளபளப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. அதன் தடிமன் சுமார் 40, 50 மைக்ரான். நம் தலைமுடி பெரும்பாலும் அதைவிடத் தடிமனாக இருக்கும். நம் ஊர்த் தூசியில் நிறைய இருப்பது மணல், அதாவது குவார்ட்ஸ். அது கிளியர் கோட்டைவிட மிகக் கடினமான பொருள். துணிக்கும் பெயிண்டுக்கும் நடுவில் அது மாட்டினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. ஆக, கார் கழுவுகிற வேலை என்பதே இதுதான்: கை படுவதற்கு முன்னால் எவ்வளவு மணலை இறக்க முடியுமோ அவ்வளவையும் இறக்கிவிடுவது. கீழே நான் சொல்லப்போகும் ஒவ்வொன்றுக்கும் காரணம் இந்த ஒன்றுதான்.

அடுக்ககங்களில் மாசச் சம்பளத்துக்கு வண்டி துடைக்க ஒருவர் வருவார் இல்லையா, அவரிடமிருந்தே தொடங்க வேண்டும். விடியற்காலையில் ஒரு வாளித் தண்ணீர், ஒரு பனியன் துணி, வரிசையாக இருபது வண்டி. முதல் வண்டியின் மணல் ஏழாவது வண்டிக்கு வந்து சேரும். அவர்மேல் தப்பில்லை. வண்டிக்கு ஒரு வாளித் தண்ணீர் எடுத்துக்கொள்ள அசோசியேஷன் விடாது, நேரமும் இல்லை. எங்கள் வீட்டுக்கு வருகிற தம்பியிடம் நான் பேசி முடிவு செய்தது இது: கண்ணாடிகள், சக்கரங்கள், மிதியடிகள் அவர் பொறுப்பு. பாடியைத் தொட வேண்டாம். சம்பளம் அதேதான்.

“தூசியோட போனா பாக்குறவங்க என்னைத்தானே மேடம் திட்டுவாங்க?” என்று கேட்டார்.

“நான் சொல்லிக்கிறேன்ப்பா, நீ விடு” என்றேன்.

தூசியோடு போகிற கார் அழுக்கான கார். தூசியைத் தினமும் காய்ந்த துணியால் தட்டுகிற கார் இரண்டு வருஷத்தில் மங்கிப்போன கார். எது வேண்டும் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். கோழி இறகு மாதிரி இருக்கிற டஸ்டர்களையும் இந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன்.

என்ன வாங்க வேண்டும்

மவுண்ட் ரோட்டிலிருந்து பிரிகிற ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டில், நாம் ஜி.பி. ரோடு என்று சொல்வது, கார் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே போனால் சீட் கவரில் ஆரம்பித்து ஹாரன் வரைக்கும் தலையில் கட்டப் பார்ப்பார்கள். கையில் பட்டியலோடு போங்கள். கார் ஷாம்பு ஒன்று. மைக்ரோஃபைபர் கையுறை ஒன்று, வாஷ் மிட் என்று கேட்டால் தருவார்கள். உடம்பு துடைக்கிற துண்டு அளவில் தடிமனான மைக்ரோஃபைபர் டவல் ஒன்று. சின்ன மைக்ரோஃபைபர் துணி நாலைந்து. சக்கரத்துக்கு ஒரு பிரஷ். வாளிகள் வீட்டிலேயே இருக்கும், மூன்று வேண்டும். மணலை அடியில் தேக்கி வைக்கிற சல்லடைத் தட்டு வாளிக்குள் போடக் கிடைக்கிறது. இருந்தால் நல்லது, இல்லையென்றாலும் குடி முழுகாது.

கடைக்காரர் எடுத்து நீட்டுகிற மஞ்சள் துணியையும் பஞ்சையும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மஞ்சள் துணி தட்டையானது. மாட்டுகிற மணல் ஒதுங்க இடமில்லாமல் பெயிண்ட் மேலேயே இழுபடும். மைக்ரோஃபைபரில் இழைகள் நிமிர்ந்து நிற்பதால் மணல் உள்ளே போய்விடும்.

ஷாம்பு விஷயத்தில் நிறையப் பேர் கஞ்சத்தனம் பண்ணுகிறார்கள். துணி துவைக்கிற பவுடரைக் கரைத்தால் அது காரத்தன்மை உள்ள கரைசல், பிஎச் 10 பக்கம் வரும். பெயிண்ட் மேலே பாதுகாப்புக்காகப் பூசியிருக்கிற மெழுகை முதலில் சாப்பிட்டுவிடும், ரப்பர் பீடிங்கையும் நாளடைவில் வெளிறச் செய்யும். பாத்திரம் கழுவுகிற திரவம் அவ்வளவு காரம் இல்லை. ஆனால் எண்ணெயை எடுப்பதற்கென்றே செய்தது, மெழுகையும் சேர்த்து எடுத்துவிடும். பழைய மெழுகை வேண்டுமென்றே கழற்றி எடுக்கிற அன்றைக்கு மட்டும் பயன்படுத்தலாம். பெட்டிக்கடைத் தலை ஷாம்பு பாக்கெட்டைக் கிழித்து வாளியில் போடுகிறவர்களும் உண்டு. அதிலுள்ள கண்டிஷனர் முடிக்கு மினுமினுப்புத் தரலாம், கண்ணாடியில் மழை நாளில் பட்டை பட்டையாகப் படலம்தான் தரும். கார் ஷாம்பு ஒரு பாட்டில் மாசக்கணக்கில் வரும். ஒரு வாளிக்கு எத்தனை மில்லி என்று பாட்டிலிலேயே போட்டிருப்பார்கள். நுரை நிறைய வர வேண்டும் என்று இரண்டு மடங்கு ஊற்றினால் அலசத்தான் இரண்டு மடங்கு தண்ணீர் போகும்.

தண்ணீர்

சென்னையில் கார் கழுவுவதில் பாதிப் பிரச்சினை தண்ணீர்தான். எங்கள் போர் தண்ணீரில் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கிற உப்புகளின் அளவு, லிட்டருக்கு ஆயிரம் மில்லிகிராமைத் தாண்டும். இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீருக்கு 500 வரை நல்லது. கார் குடிக்கப் போவதில்லை, ஆனால் ஒரு சொட்டு பானெட்டில் காய்ந்தால் தண்ணீர் ஆவியாகிப் போகும், கால்சியமும் மக்னீசியமும் வெள்ளை வளையமாக அங்கேயே நிற்கும். அதன் மேல் வெயில் அடித்து, மறுபடி நனைந்து, மறுபடி காய்ந்தால் அப்புறம் ஷாம்புக்கு அசையாது. புதிதாக விழுந்த வளையங்களுக்கு வெள்ளை வினிகரைச் சம அளவு தண்ணீரில் கலந்து, துணியில் நனைத்து ஒரு நிமிஷம் வைத்து எடுத்து, நன்றாக அலசிவிட்டால் போதும். கார்பனேட்டை மெல்லிய அமிலம் கரைக்கும், பள்ளிக்கூடத்தில் செய்த சோதனைதான்.

சிக்கனம் என்று நினைத்து நிறைய வீடுகளில் செய்கிற ஒன்றைச் சொல்ல வேண்டும்: ஆர்ஓ இயந்திரம் கழிவாகத் தள்ளுகிற தண்ணீரைப் பிடித்துக் கார் கழுவுவது. வடிகட்டி ஒதுக்கிய உப்பு முழுக்க அந்தக் கழிவுத் தண்ணீரில்தான் இருக்கிறது. உள்ளே போன தண்ணீரைவிட அது உப்பு அதிகமானது. வீடு துடைக்கவும் கழிவறைக்கும் ஊற்றுங்கள், காருக்கு வேண்டாம். கட்டாயம் என்றால் சக்கரத்துக்கும் மிதியடிக்கும் மட்டும்.

காருக்கு ஏற்ற தண்ணீர் நம் வீட்டிலேயே சொட்டிக்கொண்டிருக்கிறது. ஏசியின் குழாயிலிருந்து வருகிற தண்ணீர் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து சொட்டுவது. அதில் தாது உப்பு அநேகமாக இல்லை. சென்னையின் புழுக்கத்துக்கு ஒரு ராத்திரியில் ஒரு வாளி நிறைவது சாதாரணம். ஏசிக்குள் குளிர்கிற சுருள் குழாயில் இருக்கிற தூசி கொஞ்சம் வரும், மெல்லிய துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். கழுவ போர் தண்ணீர், கடைசி அலசலுக்கு ஏசி தண்ணீர். இதைத் தொடங்கிய பிறகு வெள்ளை வளையம் என்ற பேச்சே எங்கள் வண்டியில் இல்லை. குடித்துவிடாதீர்கள், அதற்கு ஏற்றதில்லை.

மெட்ரோ வாட்டர் ஏரித் தண்ணீராகவோ கடல்நீரைச் சுத்திகரித்ததாகவோ இருப்பதால் காருக்கு நல்லதுதான். ஆனால் ஹோஸைத் திறந்து விட்டுக்கொண்டு காரை நனைக்க எனக்கு மனசு வராது. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் எல்லாம் வறண்டு, குடத்தை வைத்துக்கொண்டு லாரிக்குக் காத்திருந்த ஊர் இது. ஹோஸ் நிமிஷத்துக்கு பத்து லிட்டருக்கு மேல் சுலபமாகக் கொட்டும். வாளியும் ஸ்பிரேயரும் இருந்தால் முழுக் காரையும் ஐம்பது லிட்டருக்குள் முடிக்கலாம். ஸ்பிரேயர் என்பது நர்சரிகளில் செடிக்கு மருந்து அடிக்க விற்கிற, கையால் பம்ப் அடிக்கிற பிளாஸ்டிக் கேன்தான். புதிதாக வாங்குங்கள், பூச்சிமருந்து அடித்த பழையதைக் கொண்டுவராதீர்கள்.

கழுவுகிற நாள்

காலை ஏழு மணிக்கு முன்னால், அல்லது நிழலில். உள்ளங்கையை பானெட்டில் வைத்துப் பாருங்கள். சுட்டால் கழுவாதீர்கள், ஷாம்பு அலசுவதற்குள் காய்ந்து படிந்துவிடும். கத்திரி வெயில் நாட்களில் ஸ்டில்ட்டுக்குள் நிற்கிற வண்டிகூட ஓடி வந்ததும் அரை மணி ஆற வேண்டும். காலையில் காற்றில் ஈரம் அதிகம், மெதுவாகக் காயும்; நமக்கு அது வசதி. மதியத்துக்கு மேல் கடற்காற்று எழும்பினால் துடைக்கத் துடைக்கத் தூசி வந்து உட்காரும்.

மோதிரம், வளையல், வாட்ச், பெரிய பெல்ட் பக்கிள் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள். அது தரையில் புரண்டு மணலை எடுத்துக்கொண்டு கதவில் உரசும்.

சக்கரங்கள் முதலில். ஏன் என்றால் அங்கே இருப்பது பிரேக்கிலிருந்து உதிர்ந்த இரும்புத் தூள், ரோட்டு மண், கிரீஸ். அவை தெறிக்கும். பாடியைக் கழுவி முடித்துவிட்டு சக்கரத்துக்கு வந்தால் எல்லாம் மறுபடி மேலே ஏறும். சக்கரத்துக்கென்று ஒரு வாளி, ஒரு பிரஷ், ஒரு பழைய துணி. இந்த மூன்றும் வேறு எதையும் தொடக் கூடாது. மட்கார்டின் உள்பக்கத்தில் கை விட்டுப் பாருங்கள், அரைப்படி மண் இருக்கும். கடலோரம் இருப்பவர்களும், ஈசிஆரில் மாமல்லபுரம் வரை போய் வருகிறவர்களும் அந்த இடத்தையும் வண்டியின் அடிப்பக்கத்தையும் தண்ணீர் பீய்ச்சி அலச வேண்டும். உப்பும் ஈர மண்ணும் சேர்ந்து தங்குகிற இடத்தில்தான் துரு ஆரம்பிக்கும். சர்வீஸ் சென்டர்களில் சில இடங்களில் அடியில் டீசல் அடித்துவிடட்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். டீசல் ரப்பர் புஷ்களைக் கெடுக்கும், தூசியையும் பிடித்துவைக்கும்.

இப்போது பாடி. முதலில் கை படாமல் வெறும் தண்ணீர், ரூஃபிலிருந்து கீழ் நோக்கி. இந்த வேலையில் அவசரப்படாதீர்கள். சிமெண்ட் தூசி படிந்த வண்டி என்றால் இன்னும் நிறைய ஊற்ற வேண்டும். லேசாக நனைத்துவிட்டு போன் வந்தது என்று போனால் அது காரமான சேறாகி, காய்ந்து கெட்டியாகிவிடும். நனைத்தால் அலசி முடிக்கிற வரை நிற்க வேண்டும். அப்புறம் ஸ்பிரேயரில் ஷாம்பு கலந்து முழு வண்டிக்கும் தெளித்து மூன்று, நாலு நிமிஷம் விடுங்கள். அழுக்கு ஊறி வழுக்கிக்கொண்டு இறங்கும். காயவிடாமல் மறுபடி தண்ணீர். இதற்குள் மணலில் பெரும்பகுதி தரைக்குப் போயிருக்கும், இன்னும் நீங்கள் வண்டியைத் தொடவே இல்லை.

இரண்டு வாளி. ஒன்றில் ஷாம்புத் தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். மிட்டை ஷாம்பில் முக்கி, ரூஃபில் பாதியைக் கழுவுங்கள். அழுக்கான மிட்டை வெறும் தண்ணீரில் நன்றாகக் கசக்கி அலசி, பிழிந்து, மறுபடி ஷாம்பில் முக்குங்கள். முடிக்கிறபோது எந்த வாளி கறுத்திருக்கிறது என்று பாருங்கள். அந்த அழுக்கு ஒரே வாளியில் இருந்திருந்தால் உங்கள் கதவில் தேய்ந்திருக்கும். ரூஃப், கண்ணாடிகள், பானெட், டிக்கி, கதவுகளின் மேல் பாதி, கடைசியில் கதவுகளின் கீழ்ப் பாதியும் பம்பர்களும். கீழ்ப் பாதியில்தான் அழுக்கு அதிகம், அதனால் அது எப்போதும் கடைசி. வட்டமாகத் தேய்க்காமல் நேர்கோட்டில் இழுங்கள். அழுத்தவே அழுத்தாதீர்கள், மிட்டின் எடை போதும். போகாத கறை இருந்தால் அதை விட்டுவிட்டு நகருங்கள், அதற்கு வேறு வைத்தியம் பின்னால் சொல்கிறேன். மிட் கீழே விழுந்தால் அன்றைக்கு அதன் வேலை முடிந்தது.

மேலிருந்து கீழாக அலசி, கடைசியாக ஏசி தண்ணீரை மக்கில் மெதுவாக வழிய விடுங்கள். பீய்ச்சாமல் தகடாக வழிந்தால் சொட்டுகள் குறைவாக நிற்கும். பெரிய டவலை பானெட்டில் விரித்துப் போட்டு, இரண்டு முனையையும் பிடித்து உங்கள் பக்கம் இழுங்கள். தேய்க்க வேண்டாம், அதுவே குடித்துவிடும். கதவுகளைத் திறந்து ஓரங்களைத் துடையுங்கள், பெட்ரோல் மூடிக்கு உள்ளேயும்தான். பக்கக் கண்ணாடியின் இடுக்கிலிருந்து கொஞ்ச நேரம் கழித்து வழிகிற தண்ணீரை யாராலும் தடுக்க முடியாது, ஒரு சின்னத் துணியோடு நின்று காத்திருக்கத்தான் வேண்டும். எல்லாம் முடிந்ததும் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி நாலைந்து தடவை பிரேக் போட்டு நிறுத்துங்கள். ஈரத்தோடு நிறுத்தினால் மறுநாள் டிஸ்க்கில் ஆரஞ்சு நிறத் துரு தெரியும். பயப்படுகிற விஷயம் இல்லை, முதல் இரண்டு பிரேக்கில் போய்விடும். ஆனாலும் எதற்கு.

பார்க்கிங்கில் குழாயே இல்லை, தண்ணீர் சிந்தினால் கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார் என்றால் ரின்ஸ்லெஸ் வாஷ் என்று ஒரு திரவம் கிடைக்கிறது. அலசாமல் துடைத்தே முடிக்கிற வகை. எட்டு லிட்டருக்கு 30 மில்லி அளவில் கலக்கிறவை அதிகம், பாட்டிலைப் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் தெளித்து ஊறவைத்து, பிறகு நனைந்த மைக்ரோஃபைபர் துணியால் ஒரு பகுதிக்கு ஒரு மடிப்பு என்று புரட்டிப் புரட்டி எடுக்க வேண்டும். வாராவாரத் தூசிக்கு அருமை. மழையில் சேற்றில் போய் வந்த வண்டிக்கு இது சரிப்படாது.

கறைகள்

காக்கை எச்சத்துக்குப் பகல் வெயிலில் பெயிண்டில் தடம் விழ சில மணி நேரம் போதும். அதிலும் மணல் இருக்கும், காய்ந்ததைச் சுரண்டக் கூடாது. நனைத்த டிஷ்யூவை அதன் மேல் போட்டு ஐந்து நிமிஷம் விட்டு, கிள்ளி எடுப்பது மாதிரி எடுங்கள். டேஷ்போர்டில் ஒரு சின்ன ஸ்பிரே பாட்டிலும் நாலு டிஷ்யூவும் வைத்துக்கொண்டால் ஆபீஸ் வாசலிலேயே முடித்துவிடலாம்.

தூங்குமூஞ்சி மரத்தடியிலும் புங்க மரத்தடியிலும் நிறுத்தினால் பொட்டுப் பொட்டாகப் பிசுபிசுப்பு விழும். இலைகளில் இருக்கிற பூச்சிகள் வெளிவிடுகிற சர்க்கரை நீர் அது. அன்றைக்கே வெந்நீர் நனைத்த துணியை வைத்தால் கரையும், வாரம் போனால் வார்னிஷ் மாதிரி ஆகிவிடும். நிழலா, பிசினா என்றால் நான் கத்திரி மாதத்தில் நிழலையே எடுத்துக்கொள்வேன், மற்ற மாதங்களில் தள்ளி நிறுத்துவேன்.

ஆயுத பூஜை வந்தால் வண்டியைக் கழுவிப் பளபளவென்று நிறுத்தி, அதே கையோடு குங்குமத்தைக் குழைத்து பானெட்டில் வைப்போம். குங்குமத்தின் சாயம் வெள்ளை, வெள்ளி நிற வண்டிகளில் இளஞ்சிவப்பு நிழலாக ஊறி நிற்கும். சந்தனமும் குங்குமமும் முன் கண்ணாடியின் மேல் மூலையில் வையுங்கள், கண்ணாடி எதையும் உறிஞ்சாது. சாமி கோபித்துக்கொள்ளாது. வாழைக்கன்றை கிரில்லில் கட்டுகிறவர்கள் தண்டு பெயிண்டில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வாழைக்கறை வேட்டியில் பட்டால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். மாலையையும் அன்று சாயங்காலமே எடுத்துவிடுங்கள். தீபாவளிக்கு மறுநாள் காலையும் போகி முடிந்த காலையும் வண்டி மேல் சாம்பலும் பட்டாசுப் பொடியும் படிந்திருக்கும், போகிக்கு மார்கழிப் பனி வேறு அதைக் குழைத்து வைத்திருக்கும். அந்த இரண்டு நாட்களும் துணியை எடுக்கவே எடுக்காதீர்கள். தண்ணீர் ஊற்றிவிட்டுக் கிளம்புங்கள்.

புதிதாகத் தார் போட்ட ரோட்டில் போய் வந்தால் கதவின் அடியில் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். அதற்கென்று தார் நீக்கி விற்கிறது. அவசரத்துக்குத் துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டும் எடுக்கலாம், உடனே ஷாம்பு போட்டு அந்த எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவிவிட வேண்டும். பெட்ரோல் வேண்டாம்; சட்டென்று தீப்பிடிக்கிற பொருளை வைத்துக்கொண்டு விளையாட்டு எதற்கு.

இன்னொன்று, கார் கவர். சுத்தமான வண்டிக்கு, காற்று அடிக்காத இடத்தில் போட்டால் நல்லது. தூசி வண்டி மேல் போட்டுவிட்டு, பெசன்ட் நகர்க் காற்றில் படபடவென்று அடித்துக்கொள்ள விட்டால் அது ராத்திரி முழுக்க உப்புத்தாள் தேய்க்கிற மாதிரிதான்.

மெழுகு

கழுவித் துடைத்த பானெட்டின் மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு தடவிப் பாருங்கள். சொரசொரவென்று இருந்தால் கழுவியும் போகாத இரும்புத் துகளும் சிமெண்ட் பொடியும் ஒட்டியிருக்கின்றன. கிளே பார் என்கிற களிமண் கட்டியை, ஷாம்புத் தண்ணீர் தெளித்து வழுக்கலாக வைத்துக்கொண்டு, மெதுவாக ஓட்டினால் அவை அதில் ஒட்டிக்கொள்ளும். வருஷத்துக்கு ஒரு தடவை போதும். கட்டி தரையில் விழுந்தால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள்.

அதன் பிறகு மெழுகு. கார்னாபா என்கிற தாவர மெழுகு நம் வெயிலில் ஓரிரு மாதம் தாங்கும். சீலன்ட் என்கிற செயற்கைப் பூச்சு அதைவிட நாள்பட நிற்கும். முதல் தடவை செய்கிறவர்களுக்கு ஸ்பிரே சீலன்ட்தான் சுலபம், ஒரு துணியால் தடவி இன்னொன்றால் துடைத்தால் முடிந்தது. கொஞ்சமாக எடுங்கள். கறுப்பு பிளாஸ்டிக் ஓரங்களில் கெட்டி மெழுகு படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வெள்ளையாகக் காய்ந்து பல்லைக் காட்டும். வருஷத்தில் ஒரு தடவைதான் செய்வேன் என்கிறவர்கள் அக்டோபர் முதல் வாரத்தில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் செய்யுங்கள்.

ரப்பிங் காம்பவுண்ட், பாலிஷ் மெஷின் இரண்டையும் தொடக்கத்தில் தொட வேண்டாம். கீறலை அவை மறைப்பதில்லை. சுற்றியிருக்கிற கிளியர் கோட்டைச் சுரண்டி கீறலின் மட்டத்துக்கு இறக்குகின்றன. ஐம்பது மைக்ரானில் எத்தனை தடவை சுரண்டலாம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். புது வண்டி எடுக்கும்போது நீட்டுகிற பூச்சுப் பட்டியல்களுக்கும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு ஷோரூமில் என்னிடம் “இதைப் போட்டா கழுவவே வேண்டாம் மேடம்” என்றார்கள். அப்படி ஒரு பூச்சு இன்னும் வரவில்லை.

உள்ளே

உள்ளே வேலை குறைவு, பொறுமை அதிகம் வேண்டும். எலியட்ஸ் பீச்சுக்கு ஒரு தடவை குழந்தைகளோடு போய் வந்தால் மணல் எத்தனை மாதம் இருக்கும் என்பது தெரிந்ததே. மிதியடிகளை வெளியே எடுத்துக் கவிழ்த்துத் தட்டுங்கள். சீட்டைக் கடைசி வரை முன்னே தள்ளி, பின்னே தள்ளி, அடியில் இருக்கிறதை உறிஞ்சி எடுங்கள். உறிஞ்சும்போதே ஒரு காய்ந்த பிரஷால் கிளறிக்கொடுத்தால்தான் கார்ப்பெட்டுக்குள் புதைந்த மணல் மேலே வரும். ஏசி துவாரங்களுக்குப் பழைய பெயிண்ட் பிரஷ் போதும்.

டேஷ்போர்டை ஈர மைக்ரோஃபைபரால் துடைத்தால் போதும். எண்ணெய்ப் பளபளப்பு தருகிற சிலிகான் திரவம் மதிய வெயிலில் முன் கண்ணாடியில் எதிரொளித்துக் கண்ணைக் கூச வைக்கும், தூசியையும் பிடிக்கும். ஸ்டியரிங், பெடல் பக்கம் அதைக் கொண்டுபோகவே கூடாது, வழுக்கும். கண்ணாடியின் உள்பக்கத்தில் மெல்லிய படலம் படிந்திருக்கும், ராத்திரி எதிர் வண்டி விளக்கில் அது தெரியும். இரண்டு துணி: ஒன்று ஈரம், ஒன்று காய்ந்தது. உள்ளே குறுக்காகவும் வெளியே நெடுக்காகவும் துடையுங்கள், கோடு எந்தப் பக்கம் இருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

ஏசி போட்டதும் ஈரத்துணி நாற்றம் வந்தால் வாசனை டப்பா வாங்காதீர்கள். கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் பல வண்டிகளில் கேபின் ஃபில்டர் இருக்கும், இழுத்துப் பாருங்கள். கறுத்திருந்தால் மாற்றுங்கள். வீடு வர ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஏசியை அணைத்துவிட்டு ஃபேனை மட்டும் ஓட விட்டால் உள்ளே இருக்கிற குளிர்கிற சுருள் குழாய் காய்ந்துவிடும், நாற்றம் திரும்ப வராது.

மழைக்கு முன்னால் இரண்டு இடத்தைப் பாருங்கள். முன் கண்ணாடிக்கு அடியில், வைப்பர் இருக்கிற பள்ளத்தில் வேப்பிலையும் புங்கம்பூவும் சேர்ந்து தண்ணீர் போகிற வழியை அடைத்திருக்கும். கதவுகளின் அடி ஓரத்திலும் சின்ன ஓட்டைகள் இருக்கும், மண் அடைத்திருந்தால் ஒரு ஈர்க்குச்சியால் குத்திவிடுங்கள். அடைத்தால் கதவுக்குள் தண்ணீர் நின்று உள்ளிருந்து துருப்பிடிக்கும். இன்ஜின் பகுதிக்கு ஈரத்துணி மட்டும்தான், தண்ணீர் பீய்ச்சாதீர்கள். வெள்ளத்தில் சீட் வரை முழுகிய வண்டி என்றால் இந்தக் குறிப்புகள் எதுவும் பொருந்தாது. ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காமல் டோவிங் வண்டிக்குச் சொல்லுங்கள்.

எல்லாம் முடிந்ததும் துணிகளைத் துவைக்கிற வேலை இருக்கிறது. மைக்ரோஃபைபரைத் தனியாகத் துவையுங்கள், பருத்தித் துணியோடு போட்டால் பஞ்சு முழுக்க அதில் ஏறும். லிக்விட் டிடர்ஜென்ட் கொஞ்சம் போதும். மணக்க வைக்கிற துணிக் கண்டிஷனர் வேண்டவே வேண்டாம், இழைகளில் படிந்து தண்ணீர் உறிஞ்சாமல் செய்துவிடும். நிழலில் காயப்போட்டு, மூடி உள்ள டப்பாவில் வையுங்கள். திறந்து வைத்தால் யாராவது அடுப்படி மேடை துடைக்க எடுத்துப் போய்விடுவார்கள். பழசான துணி உள்பக்கத்துக்கு, அதற்கும் பிறகு சக்கரத்துக்கு. சக்கரத்தைத் தொட்ட துணி எவ்வளவு வெளுத்தாலும் பெயிண்டுக்குத் திரும்பி வரக் கூடாது. குழப்பம் வராமல் இருக்க அதன் ஒரு மூலையை வெட்டிவிடுங்கள்.